ஒரு கரண்டி உறை

"நோய் போயிடுச்சு அக்கா. ஆனா அவ இன்னும் வரலை."

சொல்லிவிட்டு டாக்டர் சிவசைலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

தாமிரபரணிக் கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவள்தான் தலைவி. பெயர் சங்கரவடிவு. காவி கட்டுவதற்கு முன்னால் கணக்கு டீச்சர். அம்மா என்று கூப்பிட்டால் முறைப்பாள். சுவாமினி என்றால் எழுந்தே போய்விடுவாள். அதனால் ஊருக்கே அக்கா. டாக்டர் அவளைவிட நன்றாகவே மூத்தவர், தலை முழுக்க நரைத்தவர். அவருக்கும் அக்காதான்.

"யார் வரலை?"

"பிரமு. என் வீட்டுக்காரி."

"வீட்டுல இருக்கிறவ எங்கேயிருந்து வரணும்?"

டாக்டரிடம் ஊரில் மற்ற எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. மனநல மருத்துவர். அழுகிறவர்களையும் சிரிக்கிறவர்களையும் சுவரைப் பார்த்துப் பேசுகிறவர்களையும் தலை நரைக்கும்வரை பார்த்தவர். போன வருடம் சொந்த வீட்டிலேயே அழுகை ஆரம்பித்தது. கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்த பிரமு ஒரு நாள் பாதி வகுப்பில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தாள்.

சொந்த மனைவிக்குத் தானே வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது தொழில் தர்மம். நண்பரிடம் காட்டினார். நண்பர் கெட்டிக்காரர். பிரமு அழுவதை நிறுத்தினாள். தூங்கினாள். சாப்பிட்டாள். இனி ஒரு குறையும் இல்லை என்று நண்பர் கைகுலுக்கி அனுப்பிவைத்தார்.

குறை இல்லைதான். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தே இருந்தாள்.

"கேட்டா பதில் சொல்றா அக்கா. தானா ஒரு வார்த்தை கேட்க மாட்டேங்கிறா. எதுக்கும் சரி. சாப்பிடறியா, சரி. தூங்கறியா, சரி. அவ அண்ணன் நாக்பூர்லருந்து போன் பண்ணி, எங்ககூட வந்து கொஞ்ச நாள் இரேன்னாரு. சரின்னுட்டா. போக வேண்டாம்னு நான் சொன்னேன். அதுக்கும் சரி. எதும்மா சரின்னு கேட்டா, நீங்க சொல்றதுங்கிறா."

"அண்ணன் எப்ப வர்றார்?"

"வெள்ளிக்கிழமை காலையில. பெட்டி கட்டியாச்சு. நான்தான் கட்டினேன்."

கொஞ்ச நாள் என்று போனவர்கள் திரும்பி வந்ததை டாக்டர் அதிகம் பார்த்ததில்லை. போனவர்களைத் தொழிலில் நிறையப் பார்த்துவிட்டார்.

அக்கா கீரைக் காம்புகளைத் தனியே ஒதுக்கினாள். "நீங்க என்ன செஞ்சீங்க?"

"படிச்சேன்."

"அது தெரியும்."

"எங்க படிப்புலயே ஒரு கோளாறு அக்கா. நூறு வருஷமா மனசு எப்படிக் கெடும்னே படிச்சோம். எத்தனை விதமா கெடும், எந்த வயசுல கெடும், கெட்டா எந்த மாத்திரை. நல்லா இருக்கிற மனசு எப்படி நல்லா இருக்குன்னு யாரும் எட்டிப் பார்க்கலை. இப்பதான் கொஞ்ச காலமா அதைப் படிக்கிறாங்க. நேர்மறை உளவியல்னு பேரு."

"இப்பதானா? அதுக்கு முன்னால யாரும் நல்லா இருக்கலையா?"

"அதேதான் என் கேள்வியும்." டாக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பிரமுவைப் பற்றிப் பேசும்போது வராத சுறுசுறுப்பு குரலில் வந்தது. "வேர் எங்கேன்னு தேடிக்கிட்டே இருக்கேன். நல்லபடியா வாழறதுதான் சந்தோஷம், அது வந்து போற உணர்ச்சி இல்லைன்னு கிரேக்கர்கள் சொல்லியிருக்காங்க. அடுத்தவன் சந்தோஷத்தைப் பார்த்துத் தானும் சந்தோஷப்பட பிக்குகள் பயிற்சியே வச்சிருந்தாங்க. சமணப் பள்ளிகள்ல மருந்து மட்டும் கொடுத்து அனுப்பலை. சோறு, படிப்பு, அடைக்கலம், எல்லாம் சேர்த்துக் கொடுத்தாங்க. அரபு வைத்தியர்கள் பாட்டைக் கொடுத்தாங்க. இதுல யார் யார்கிட்ட வாங்கினாங்கன்னுதான் பிடிபடலை. முதல் ஊற்று எதுன்னு தெரிஞ்சா, கலப்படம் இல்லாம அப்படியே எடுத்து பிரமுவுக்குக்..."

"கொடுப்பீங்க."

"ஆமா."

"இதுவரைக்கும் என்ன கொடுத்தீங்க?"

"தினமும் ராத்திரிச் சாப்பாட்டுல கேட்பேன். இன்னைக்கு நடந்த நல்லது ஒண்ணு ரெண்டு சொல்லுன்னு. அது நிரூபிச்ச முறை. நிறைய நாட்டுல சோதிச்சிருக்காங்க."

"சொன்னாளா?"

"தண்ணி வந்ததுன்னா. அப்புறம்னேன். கரண்ட் போகலைன்னா. அப்புறம்னேன். சாதம் ஆறுதுன்னா."

அக்கா முதல் தடவையாகச் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"வேற?"

"ஒரு துரும்பை அசைக்க விடறதில்லை அக்கா. சமையலுக்கு ஆள். துணிக்கு மெஷின். தயிர்கூட பாக்கெட்டுல வருது. யாரும் வந்து தொந்தரவு பண்றதில்லை. முழு ஓய்வு."

"நல்லாத்தான் பார்த்துக்கிறீங்க."

பாராட்டு என்று நினைத்துக்கொண்டு டாக்டர் தலையசைத்தார்.

அக்கா எழுந்து உள்ளே போனாள். ஒரு சட்டிப் பாலோடு வந்தாள்.

"இது நல்ல பாலா?"

"நல்ல பால்."

"கெட்டது ஏதாவது இருக்குமா?"

"நல்லாக் காய்ச்சியாச்சு இல்லே? கிருமியெல்லாம் செத்திருக்கும்."

"ஒரு குறையும் இல்லே?"

"இல்லை."

"அப்ப தயிராகட்டும்," என்று சொல்லி அக்கா சட்டியை மூடி அலமாரியில் வைத்தாள். "நாளைக்கு வாங்க."

டாக்டர் வாயைத் திறந்தார். அக்கா கீரையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டிருந்தாள்.

*

வியாழக்கிழமை நாலரை மணிக்கெல்லாம் டாக்டர் வந்துவிட்டார். மறுநாள் காலை ரயிலில் மைத்துனர் வருகிறார்.

அக்கா சட்டியைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

வாடை தூக்கி அடித்தது. டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கெட்டதையெல்லாம் கொன்னாச்சுன்னீங்களே. ஏன் தயிராகலை?"

"உறை ஊத்தலையே அக்கா. இது ஒரு கேள்வியா?"

"ஓ," என்றாள் அக்கா. "உறை எங்கே இருக்கு?"

"மடத்துல இல்லாத தயிரா?"

"காலையில பானையைக் கழுவிக் கவிழ்த்துட்டேன். ஒரு சொட்டு இல்லை."

"ஏன்?"

"நீங்க வர்றீங்கன்னுதான்."

மடத்து வாசலில் வெயில் காலம் முழுக்க நீர்மோர் உண்டு. ஆற்றைக் கடந்து வருகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், சும்மா போகிறவர்கள், எல்லோரும் குடிப்பார்கள். நாளைக்கு மோர் வேண்டுமென்றால் இன்றைக்குத் தயிர் தோய்க்க வேண்டும்.

அக்கா ஒரு கிண்ணத்தை அவர் கையில் திணித்தாள். "சாயங்காலப் பால் கறந்து காய்ச்சி வைக்கிறேன். அது ஆறிப் போறதுக்குள்ள உறைமோர் கொண்டு வாங்க."

"யார்கிட்ட வாங்கறது?"

"நாங்க கோனார் வீட்டுச் சொர்ணத்துகிட்ட வாங்கினோம். அவ எங்கே வாங்கினாளோ."

டாக்டரின் கண் சற்றே விரிந்தது. தேட ஒரு நூல் கிடைத்துவிட்டது. அக்கா அதைப் பார்த்தாள்.

"வேரோடவே கொண்டு வாங்களேன்," என்றாள். "உங்களுக்குத்தான் அது பிடிக்குமே."

*

சொர்ணம் தொழுவத்தில் கன்றுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கிண்ணத்தோடு நிற்பதைப் பார்த்து வேகமாகக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"உறைக்கா? இந்தாங்க, காலையில கடைஞ்சது."

டாக்டர் கிண்ணத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இருங்க. இந்த உறை நீங்க எங்கே வாங்கினது?"

"எதுக்கு?"

"முதல்ல எங்கேயிருந்து வந்ததுன்னு தெரியணும். அங்கேயே போய் வாங்கிக்கறேன்."

சொர்ணம் கரண்டியைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். பைத்தியங்களோடு பழகுகிறவர்களுக்கு இப்படி ஆவது உண்டு என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

"வாசல் நிறைய மாடு நிக்கு. ஆனா எம் மருமக பானையைக் காய விட்டுட்டா. ஜமீலா பீவி வீட்டுல வாங்கினேன். இதைக் கொண்டு போங்களேன் டாக்டர். நல்ல உறைதான்."

"இருக்கட்டும்மா," என்று டாக்டர் நடந்தார்.

ஜமீலா பீவியின் வீடு பள்ளிவாசல் தெருவில். வழியில் டாக்டருக்கு உற்சாகம் ஏறியது. ஒரு புத்தகத்தின் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு அடுத்த புத்தகத்துக்குப் போகிற சுகம் அது. நடையை எட்டிப் போட்டார். வெயில் தணிந்ததைக் கவனிக்கவில்லை.

ஜமீலா பீவி கேட்ட உடனே உள்ளே போய்க் கரண்டி வழிய வழியத் தயிர் கொண்டுவந்தாள். பாளம் பாளமாக இருந்தது.

"நீங்க எங்கே வாங்கினது?"

"ஏன் சார், புளிக்குதா?"

"இல்லைம்மா. மூலம் தெரிஞ்சுக்கத்தான்."

"நோன்பு சமயத்துல எங்க வீட்டுத் தயிர் நூல் நூலா இழுக்க ஆரம்பிச்சுது. என்ன பண்ணாலும் சரியாகலை. எஸ்தர் டீச்சர் கொடுத்த உறையை மாத்திப் போட்டேன், மறுநாளே கட்டியா வந்திருச்சு." கரண்டியை நீட்டிக்கொண்டே நின்றாள். "பிடிங்க சார்."

"டீச்சர் எங்கே வாங்கினாங்களாம்?"

"சார், உங்களுக்கு உறை வேணுமா, ஊர்க் கதை வேணுமா?"

இரண்டும் வேண்டும் என்று டாக்டர் உண்மையாகவே நினைத்தார். சொல்லவில்லை. எஸ்தர் டீச்சர் வீட்டுக்கு நடந்தார். ஜமீலா பீவி கரண்டியில் இருந்த தயிரைத் திரும்பப் பானையில் விட்டாள்.

எஸ்தர் டீச்சரின் வீடு சர்ச்சுக்கு அந்தப் பக்கம், டாக்டரின் தெருவுக்கு இரண்டு தெரு முன்னால். அவர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பல்பு எரிந்தது.

"உறைமோரா? விளக்கு வச்சாச்சே டாக்டர். இப்பக் கொடுக்க மாட்டோம்."

"நீங்களுமா?"

"ஞாயித்துக்கிழமைதான் நான் சர்ச்சு. இந்த விஷயத்துல எங்க மாமியார் சபை."

"சரி, உறை வேண்டாம். நீங்க எங்கே வாங்கினதுன்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

எஸ்தர் டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விளையாடறீங்களா?"

"இல்லை. நிஜமாத்தான் கேட்கறேன்."

"உங்க வீட்டுல."

டாக்டர் நின்றார்.

"பிரமு மேடம்கிட்ட. நான் மட்டுமா? இந்தச் சுத்துவட்டாரத்துல யார் வீட்டுப் பானை கெட்டாலும் அங்கேதான் ஓடுவோம். உறை கொடுக்கறதோட விட மாட்டாங்க. சட்டி மண்ணா எவர்சில்வரான்னு கேட்பாங்க. பாலை எப்படி ஆத்துனேன்னு கேட்பாங்க. மறுநாள் வந்து தயிர் எப்படி வந்ததுன்னு வேற சொல்லிட்டுப் போகணும். சொல்லலைன்னா தெருவுல நிறுத்திக் கேட்பாங்க. எங்க வீட்டுக்காரர், தயிரா வாங்குற, பரீட்சையா எழுதுறன்னு கேலி பண்ணுவார்."

"இப்பவும்..."

"இப்ப ஏது? நீங்கதானே வாசல்லயே நிறுத்தினீங்க. அவளுக்கு ஓய்வு வேணும், இனிமே இதுக்கெல்லாம் வராதீங்கன்னு. கையில கிண்ணம் இருந்துச்சு எனக்கு. முந்தானையில மறைச்சுக்கிட்டுத் திரும்பினேன்."

"நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"ஆமா," என்றாள் எஸ்தர் டீச்சர். "நாங்களும் அப்படித்தான் நினைச்சோம்."

*

மனிதர் உடனே வீட்டுக்குப் போகவில்லை. முதலில் வந்த வழியே ஓடினார்.

ஜமீலா பீவியின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தொழுகை. சொர்ணம் தொழுவத்து விளக்கடியில் நின்றுகொண்டு, "அஞ்சு மணிக்கே கரண்டியோட நின்னேம்லா. விளக்கு வச்ச பிறகு உறை கொடுத்தா வீட்டுல இருக்கிறது போயிருமே," என்றாள். அவள் பேச்சில் வருத்தம் இருந்தது. தயிர் இல்லை.

தெரு முழுக்க விளக்கு எரிந்தது. பெட்டிக்கடையில், மெஸ்ஸில், பிள்ளையார் கோயிலில், டியூஷன் நடக்கிற மாடியில்.

ஒரே ஒரு வீடு இருட்டாக இருந்தது. அது அவருடையது.

சமையல்காரம்மா நாலு மணிக்கே போய்விடுவாள். அதற்குப் பிறகு அவர் வந்து சுவிட்சைப் போட்டால்தான் வெளிச்சம். ஒரு வருடமாக அப்படித்தான். இருட்டில் உட்கார்ந்திருப்பது பிரமுவுக்குக் கஷ்டமாக இருந்ததாகத் தெரியவில்லை. சௌகரியமாக இருந்ததாகவும் தெரியவில்லை.

டாக்டர் கதவைத் திறந்தார். கூடத்து நடுவில் பெட்டி. ஜன்னலோரம் அவள் உருவம்.

கை வழக்கப்படி சுவிட்சுக்குப் போனது. பாதியில் நின்றது.

செருப்பைக் கழற்றவில்லை. உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார், எஸ்தர் டீச்சர் நின்ற இடத்தில். கிண்ணத்தை நீட்டினார்.

"பிரமு. கொஞ்சம் உறைமோர் வேணும்."

நாற்காலி அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

அவள் திரும்பினாள். அவரைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள்.

"யாருக்கு?"

டாக்டர் கனைத்துக்கொண்டார்.

"மடத்துக்கு. நாளைக்கு வாசல்ல மோர் ஊத்தணும். அங்கே உறை இல்லை. ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. விளக்கு வச்சாச்சுங்கிறாங்க."

"நம்ம வீட்டுல வைக்கலை," என்றாள் பிரமு.

"வைக்கலை."

அவள் யோசித்தாள். யோசிக்கிற பிரமுவின் நெற்றியில் ஒரு கோடு விழும். அவர் அதை மறந்தே போயிருந்தார்.

"வீட்டுல ஏது உறை? பாக்கெட்டுதான். அதுவும் மத்தியானத்தோட தீர்ந்தது."

பாக்கெட் அவருடைய ஏற்பாடு. டாக்டர் கிண்ணத்தை மெல்லத் தாழ்த்தினார். இத்தனை படித்து, இத்தனை நடந்து, கடைசியில் வந்து சேர்ந்த ஊற்றில் தண்ணீர் இல்லை. வற்றவைத்தவரும் அவரே.

"சரி," என்றார்.

திரும்பி ஒரு படி இறங்கிவிட்டார்.

"என்ன சரி?"

டாக்டர் நின்றார்.

"பால் என்ன சூட்டுல இருக்கு?"

"தெரியலை."

"விரலை விட்டுப் பார்த்தீங்களா?"

"நான் கிளம்பினப்போ கறக்கவே இல்லை. இப்பக் காய்ச்சி வச்சிருப்பாங்க."

"மண் சட்டியா, எவர்சில்வரா?"

"மண்ணுன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்க," என்றாள் பிரமு. நாற்காலி கிறீச்சிட்டது. "இத்தனை நேரம் அங்கே என்னதான் பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

இருட்டில் அவள் நடந்து வந்தாள். கூடத்து நடுவில் இருந்த பெட்டி முழங்காலில் இடித்தது. குனிந்து பார்த்தாள். காலால் சுவரோரமாகத் தள்ளிவிட்டு அடுக்களைக்குள் போனாள். டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. சமையல்காரம்மா இடம் மாற்றி வைத்திருந்தாள் போலிருக்கிறது. பிரமு யாரையோ முணுமுணுவென்று திட்டினாள்.

டாக்டர் படியேறி வந்து வெளிச்சத்துக்காகச் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"இருங்க," என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "கொடுத்துட்டுப் போடலாம்."

கை நிறைய மிளகாய் வற்றலோடு வந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். காம்பு உதிர்ந்ததை ஒதுக்கினாள். காம்போடு இருந்ததை மட்டும் கிண்ணத்தில் போட்டாள்.

"இது எதுக்கு?"

"உறைக்கு. வெதுவெதுப்பா இருக்கிற பால்ல காம்போட முக்கி வச்சா, காலையில தயிர்."

"உறையே இல்லாமலா?" டாக்டர் கிண்ணத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பழக்கம் விடவில்லை. "இதை யார் சொன்னா உனக்கு? முதல்ல யார் கண்டுபிடிச்சிருப்பா? இது எங்கேயிருந்து..."

பிரமு அவர் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"நடங்க. பால் ஆறிடும்."